இடது பக்கத்துப் பெட்டி

கிளம்புவதற்கு முன்னால் சங்கையா ஜாவா மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சைலன்சர்களும் புகை விட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்தின் முன்னால் காயப் போட்ட துணிகளை மறுபடியும் அழுக்காக்கிக்கொண்டிருக்கின்றன. மற்றவர்கள் வண்டியின் ஓட்டத்தைக் காதால் கேட்பார்கள். சங்கையா கையால் கேட்கிறவர். கைக்குத் திருப்தி என்றால் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு ஏறி உட்காருவார். இல்லையென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி பிரிந்து கிடக்கும். லயத்துக் கோழிகள் வந்து நட்டுகளைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும்.

மஞ்சப்பாறை எஸ்டேட் டீ பாக்டரியில் இலை சுருட்டும் ரோலர்களுக்கு அவர்தான் பொறுப்பு. வாட்டிய கொழுந்தைப் பித்தளைத் தட்டின் மேல் போட்டு அந்த ரோலர் சுற்றிச் சுற்றிக் கசக்கும்போது, பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடத் தெரியாது. அங்கே பேச்செல்லாம் சைகையில்தான். எந்த பேரிங் சூடேறுகிறது, எந்த பெல்ட் தளர்ந்திருக்கிறது என்பதை மிஷின் மேல் கையை வைத்துச் சொல்லிவிடுவார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இளவட்டமாக மலையேறி வந்த காலம் தொட்டு அவர் நிற்கிற இடம் ஒன்றே: பெரிய ரோலருக்கும் சுவருக்கும் நடுவில், மிஷினுக்கு இடது தோளைக் கொடுத்துக்கொண்டு. "கை பொய் சொல்லாதுவே" என்பார். அதற்கு மேல் அவருக்கு வேதம் எதுவும் கிடையாது.

ரோலரோடு பேசிப் பழகிய குரலில்தான் மனிதர்களோடும் பேசுகிறார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று அவர் வீட்டுக்குள் சொன்னால், லயத்தின் கடைசி வீட்டுக்காரி தன் குழம்பை எடுத்து ருசி பார்ப்பாள். அவருக்குப் பதில் சொல்கிறவர்களும் கத்தித்தான் ஆகவேண்டும். சங்கையாவுக்குக் காது மந்தம் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாமல் இருந்தவர் சங்கையா ஒருவர்தான்.

"எனக்குக் காதெல்லாம் கணீர்னு இருக்கு. இப்ப உள்ளதுக வாய்க்குள்ளயே பேசுதுக. வாயத் தொறக்கவே ஒரு சோம்பேறித்தனம்!" என்பது அவருடைய கட்சி.

லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர்தான். சங்கையா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாள் இருக்கிறாள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, சேதி பறிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரி. ஆகவே சங்கையாவின் மனைவி மாரித்தாய் வீட்டுக்குள் பேசுவதெல்லாம் சோறு, மழை, ரேஷன் இவ்வளவுதான். இவை பெரியம்மாளுக்குப் போனால் நஷ்டமில்லை. மற்றதை அவள் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தாள்.

ஜாவா வந்த கதை எளிது. எஸ்டேட்டின் உதவி மேனேஜரான குட்டித் தொரை அசாமுக்கு மாற்றலாகிப் போகும்போது, மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடந்த வண்டியைச் சங்கையா தலையில் கட்டிவிட்டுப் போனார். சங்கையா ஒரு மழைக்காலம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும் புருஷனும் பெண்டாட்டியும் போடிமெட்டு வழியாக மலையிறங்கிப் போடிச் சந்தைக்குப் போய்வந்தார்கள். ஊரில் எல்லாப் பெண்களையும் போல மாரித்தாய் ஒருக்களித்து உட்கார்ந்து இடது பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, கால் வைக்க ஒரு தகடு. நாலு வருஷம் இப்படி ராஜா ராணியாகப் போய்வந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் போடியிலிருந்து திரும்பும்போது, பாதி மலையில், மாரித்தாய் அவர் தோளை அடித்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் வந்த ஏலக்காய் ஜீப்பைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். சங்கையா நடுரோட்டில் எஞ்சின் ஓட நின்றார்.

"ஏ மாரி, என்னத்துக்கு அங்கன எறங்குன?" வீட்டுக்கு வந்து கேட்டார்.

அவள் சுவருக்கும் சேர்த்தே பதில் சொன்னாள்: "உங்க பின்னால உக்காந்து வாரதுக்கு, ஒரு பாறாங்கல்ல கட்டிப் பிடிச்சிக்கிட்டு வரலாம்!"

அடுத்த ஞாயிறு அவள் மற்றப் பெண்களோடு எஸ்டேட் லாரியில் சந்தைக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஜாவாவின் பின் சீட்டில் தூசி படிந்தது. சங்கையா முரட்டு ஆள்தான், ஆனால் அந்தத் தூசியைப் பார்க்கும்போதெல்லாம் தோள்துண்டால் துடைத்துவிடுவார். அவளை மறுபடியும் அந்த சீட்டில் உட்கார வைக்க வேண்டும். அந்த வருஷம் அவருக்கு வேறு கவலையே இருக்கவில்லை.

முதலில் சீட்டு உறுத்துகிறது போலும் என்று பஞ்சு வைத்துத் தைத்தார். அவள் வரவில்லை. குலுக்கல் போலும் என்று ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் மாற்றினார். அதற்கும் வரவில்லை. ஒரு ஞாயிறு லாரிக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் உளவு பார்த்தார். மேலே பெண்கள் பாட்டும் சிரிப்புமாக அமர்க்களப்படுத்திக்கொண்டு போனார்கள். மாரித்தாய்கூடக் கை தட்டிக்கொண்டிருந்தாள். சங்கையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. லாரியில் பாட்டு இருக்கிறது, ஜாவாவில் இல்லை. இதற்கா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம் என்று நேராகப் பூப்பாறை முக்குக்கு வண்டியை விட்டார்.

அங்கே பாஸ்கல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவரும் எஸ்டேட் லயத்தில் பிறந்தவர்தான். மாதா கோயில் பாட்டுக் குழுவில் முக்கியஸ்தர். சுருதி கொஞ்சம் விலகினாலும் முகம் சுண்டிப்போகும். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மலையாளமும் தமிழுமாக "ஒரு பிரஸ்னமும் இல்ல அண்ணாச்சி" என்பார். அப்படிச் சொன்ன பிறகுதான் திருப்புளியையே தேடுவார்.

"பாட்டுச் செட் ஒண்ணு வேணும் பாஸ்கல். வண்டில மாட்டணும்."

"யாருக்குக் கேக்கணும் அண்ணாச்சி? உங்களுக்கா, ஊருக்கா?"

"பின்னால உக்காருதவளுக்கு."

பாஸ்கல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இது சாதாரண வியாபாரம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். முதலில் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து வைத்தார். அதைச் சங்கையாவே தள்ளிவிட்டார். மலைப்பாதையில் ஒரு வளைவில் இலங்கை வானொலி தேனாகப் பாடும், அடுத்த வளைவில் அப்பளம் பொரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டேப் ரிக்கார்டர். "டார்ச் லைட்டு செல்லு போட்டு மாளாது அண்ணாச்சி. அதும்போக, பள்ளத்துல எறங்குனா பாடுதவருக்கு விக்கல் வந்துரும்." கடைசியில் பாஸ்கல் உள்ளே போய், டர்க்கி டவலில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குவைத்திலிருந்து வந்த அடிமாலிக்காரர் ஒருவர், தான் வாங்கப் போகும் காருக்கென்று கொண்டுவந்த ஸ்டீரியோ செட் அது. கார் இன்றுவரை வரவில்லை. செட் மட்டும் கைமாறிப் பாஸ்கலிடம் வந்துவிட்டது. கேசட் போடுகிற வாய் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி.

"இடது பக்கத்துல வயலின் கேக்கும், வலது பக்கத்துல தபேலா கேக்கும். பாடுத ஆளு நடுவுல நிப்பாரு. இதுல ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்கிற பேச்சே இல்ல. அதான் அண்ணாச்சி ஸ்டீரியோ!"

"பாடுத ஆளு எங்க உக்காருவாரு? சீட்டுல ரெண்டு பேருக்குத்தான் எடம்."

பாஸ்கலுக்குச் சிரிப்பு வந்தது. சங்கையா நிஜமாகவே கேட்டிருந்தார்.

மாட்டுகிற வேலை லேசாக இல்லை. ஜாவாவுக்கு மின்சாரம் ஆறு வோல்ட். காருக்கான செட் பன்னிரண்டு கேட்டது. பாஸ்கல் வண்டியின் கரண்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். பழைய கார் பாட்டரி ஒன்றை ஓர் இரும்புப் பெட்டியில் அடைத்து, பின்சக்கரத்துக்கு வலது பக்கம் மாட்டினார்கள். பாக்டரி ஜெனரேட்டர் பாட்டரி சார்ஜ் ஏறும்போது இதுவும் கூடவே ஏறிக்கொள்ளும் என்று ஏற்பாடு. டாங்க் மேல், முழங்காலுக்குப் பக்கத்தில், லாரி ட்யூபை வெட்டி மெத்தை போட்டு அதன்மேல் செட்டை உட்கார வைத்தார்கள். முன்னால் இருக்கும் காப்புக் கம்பியில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்றாக ஸ்பீக்கர் பெட்டிகள், வாய் பின்னோக்கி. பாஸ்கல் ஈயம் பற்ற வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார். சங்கையா ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

மழைக்கு ஒரு மூடி வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குத் துணி அதற்கு வாகு. வீட்டுக்கு வந்து, "பழைய படங்கு ஒண்ணு குடு" என்றார்.

"என்னத்துக்கு?"

"பாட்டு நனையக் கூடாதுல்லா!"

மாரித்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னுடைய படங்குகளில் கிழியாத ஒன்றை எடுத்துப் போட்டாள். கிழிந்ததைப் போடாமல் நல்லதைப் போட்டாளே என்று சங்கையா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

வெள்ளோட்டத்துக்கு லயமே திரண்டுவிட்டது. புதுசாக வந்திருந்த சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைச் செருகினார். பாட்டு கிளம்பியதும் நாய்கள் ஓடிப்போய்த் தள்ளி நின்று குரைத்தன. ஒரு பக்கம் முடிந்ததும் செட் 'டக்'கென்று கேசட்டை வெளியே தள்ளும், நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிற மாதிரி. சங்கையா வண்டியை நிறுத்தாமலேயே இடது கையால் அதை உருவி, திருப்பி, மறுபடி உள்ளே தள்ளக் கற்றுக்கொண்டிருந்தார். முழங்காலில் அந்த 'டக்' அதிர்ந்த மாத்திரத்தில் கை தானாகப் போகும். எவ்வளவு கொண்டை ஊசி வளைவாக இருந்தாலும் பாட்டு அறுபடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். லயத்தைச் சுற்றி வந்து இந்த வித்தையைக் காட்டினார்.

"சங்கையா அண்ணே, மைக்செட்டுக்காரன் தோத்தான் போங்க!" என்றாள் பெரியம்மாள்.

மாரித்தாய் மட்டும் வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

"ஏறு மாரி! உனக்காகத்தான் மாட்டிருக்கு!" மலைக்கே கேட்டது.

"பாட்டுக் கேக்கவா வண்டில ஏறணும்? ஊட்டுல ரேடியோ கெடக்கு." அவள் உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. சங்கையா தன்னந்தனியாகப் பாக்டரிப் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மனசு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தார். பாட்டில் தபேலா உருண்டுகொண்டிருக்கிறது. பாஸ்கல் அவ்வளவு பெருமையடித்த வயலினைக் காணோம். இடது பக்கத்துப் பெட்டி பேசவே இல்லை.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அரைப் பாட்டு பாடுகிற வண்டியில் எவள் ஏறுவாள்?

மறுநாள் வேலை முடிந்ததும் பாஸ்கல் கடை முன்னால் போய் வண்டியை நிறுத்தி, எஞ்சினை முறுக்கிவிட்டுக்கொண்டே, "இடது பெட்டி செத்துப்போச்சுவே" என்றார். பாஸ்கல் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான பாடுது அண்ணாச்சி."

"பாடலைங்கிறேன்!"

ஒரு பிரஸ்னமும் இல்லை என்று பாஸ்கல் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி மாட்டினார். வலது பக்கத்தில் ஜோராகப் பாடிய பெட்டி இடது பக்கத்துக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது என்றார் சங்கையா. ஒயரை மாற்றினார். அப்போதும் அதே புகார்தான். பாஸ்கல் மறுபடி குனிந்து கேட்டுவிட்டு, நிமிர்ந்து, முகம் சுண்ட நின்றார்.

"அண்ணாச்சி, ரெண்டும் பாடுது. நான் கோயில்ல பாடுதவன். எனக்குத் தெரியாதா?"

"ஒரு பக்கத்துக்குப் பாட்டு, ஒரு பக்கத்துக்குப் பட்டினி! ஏமாத்துக்காரப் பய வேல!"

அதைச் சங்கையாவின் குரலில் சொன்னால் பூப்பாறை முக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள். பாஸ்கல் கடைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கோபத்தோடு எஸ்டேட் ரோட்டில் ஏறியவர், பாதியில் டீத் தோட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. அந்த இடது பெட்டியைக் கழற்றிப் பள்ளத்தில் விட்டெறிவது என்று முடிவு. குனிந்து அதைப் பிடித்தார்.

கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டி துடித்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை விரித்து அதன் வாயில் வைத்தார். ரோலரில் வைக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. நெளிந்து நெளிந்து ஏறுகிறது, நடுங்குகிறது, அடங்குகிறது. வயலின்தான். கை பொய் சொல்லாது. சங்கையாவுக்குப் பக்கென்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஓடுகிற வண்டியின் மேல் பின்னோக்கித் திரும்பி உட்கார்ந்தார். இப்போது செத்த பெட்டி வலது காதின் பக்கம். அது வாய் கொள்ளாமல் பாடியது. இவ்வளவு நேரம் தாளம் போட்டுக்கொண்டிருந்த மற்றது ஊமையாகிவிட்டது.

மேலே வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி! வண்டி அந்தப் பக்கமாப் போவாது!"

அவர் காதில் அது விழவில்லை. அவர் தன் காதைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காதை வலது கையால் பொத்தினார்; ஒன்றும் மாறவில்லை. வலது காதைப் பொத்தினார், உலகமே அணைந்துவிட்டது. அடுத்த நொடி அவருக்கு மாரித்தாய் உட்காருகிற இடம் ஞாபகம் வந்தது. இடது தோளுக்குப் பின்னால்.

நாலு வருஷமும் ஒவ்வொரு ஞாயிறும் இடது கழுத்தில் அவளுடைய மூச்சுப் படும். வளைவுக்குப் பயந்து மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து அவர் வேகத்தைக் குறைப்பார். அவருக்குள்ளே ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்; அதற்குத் தலையாட்டிக்கொண்டு வருவார். அவள் பயந்து மூச்சு வாங்கவில்லை. பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். சுவர் இல்லாத இடம், பெரியம்மாள் இல்லாத இடம், புருஷன் காதோரம், இவ்வளவு கிட்டே சொன்னால் மந்தக் காதுக்கும் கேட்கும் என்று நினைத்து, மனசில் கிடந்ததையெல்லாம் செத்த காதில் கொட்டியிருக்கிறாள். அவர் தலையாட்டியதைத் தன் பேச்சுக்கு என்று நம்பியிருக்கிறாள். பிறகு ஒரு நாள் நம்பிக்கை விட்டுப்போய் இறங்கியிருக்கிறாள். சங்கையா அந்த வளைவில் ஒரு கல் மேல் உட்கார்ந்து அழுதார். இதை அவரே பின்னால் சொன்னார், சொல்ல வெட்கப்படவில்லை.

திரும்பப் பாஸ்கல் கடைக்கே போனார்.

"பெட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு பாஸ்கல். எனக்குத்தான் இடது காது போயிருக்கு. எப்பப் போச்சுன்னே தெரியல. பேசுனதுக்கு மன்னிச்சுக்கிடணும்."

பாஸ்கல் திரும்பிப் பார்த்தார். சங்கையா மெதுவாகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பிரஸ்னமும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எனக்கு ஒரு வேல செஞ்சு தரணும். பின்னால இருக்க சேலைக் கம்பியையும் கால் தகட்டையும் வலது பக்கம் மாத்தணும். வெல்டிங்காரர்ட்ட நீதான் சொல்லணும்."

"வலது பக்கமா? யாருமே அப்படி உக்கார மாட்டாவ அண்ணாச்சி! எதுத்தாப்புல வார லாரிய மூஞ்சிக்கு நேராப் பாத்துக்கிட்டுல்லா வரணும்?"

"லாரிக்கு நான் ஒதுங்கிக்கிடுதேன். பாட்டரிப் பெட்டி இடது பக்கம் போட்டும். அந்த வலது ஸ்பீக்கரையும் கழத்தி இடது பக்கமே மாட்டிரு."

பாஸ்கலுக்கு அதுதான் தாங்கவில்லை. "ரெண்டையும் ஒரே பக்கம் மாட்டுனா அது ஸ்டீரியோவே இல்ல அண்ணாச்சி! அதும்போக, அங்கன வச்சா உங்களுக்குப் பாட்டே கேக்காதே!"

"பாட்டு அந்தப் பக்கமாப் போட்டும். இந்தப் பக்கம் ஆள் இருக்கு" என்றார் சங்கையா.

அடுத்த ஞாயிறு லாரி வருவதற்கு முன்னால் ஜாவா லயத்து வாசலில் நின்றது. மாரித்தாய் கூடையோடு வெளியே வந்தவள் வண்டியைப் பார்த்தாள். கம்பி வலை இடம் மாறியிருப்பதைக் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது என்ன கூத்து?"

சங்கையா வாயைத் திறந்தார். சுவருக்கு அப்பால் பெரியம்மாள் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றதை அவர் கேட்டிருக்க முடியாது. ஆனால் ஏதோ நினைத்துக்கொண்டு வாயை மூடிவிட்டார். ரோலர் ரூமில் செய்கிற மாதிரி சைகையில் பேசினார். இடது காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து ஆட்டினார்: ஒன்றுமில்லை, காலி. பிறகு பழைய சீட்டுப் பக்கத்தைக் காட்டி, கழுத்தில் மூச்சுப் படும் இடத்தைத் தொட்டு, மறுபடி கையை விரித்தார். வலது காதைத் தொட்டார். புதிதாக மாற்றிய தகட்டைக் காட்டினார். முகம் மட்டும் கேட்காமலே கெஞ்சிக்கொண்டிருந்தது.

மாரித்தாய் கூடையை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றாள். அவளுக்குள் நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப ஓடியிருக்க வேண்டும். முதலில் கோபம் வந்து போனது, பிறகு என்னவோ ஒன்று வந்து கண்ணில் நின்றது. உள்ளே போனாள். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, வலது பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். பாட்டோடு கிளம்பிய ஜாவாவைப் பெரியம்மாள் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள். சேதி ஒன்றும் தேறவில்லை.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் கம்பத்தைத் தூக்கிவிடுகிற மலையாளத்துக்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"எந்தா சங்கையா, சேச்சி சைடு மாறியாணல்லோ இரிக்குன்னது?"

"நான் சரியான சைடுலதான் இருக்கேன். நீங்க கம்பத்தத் தூக்குங்க" என்றாள் மாரித்தாய்.

மேட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. கீழே போடிச் சமவெளி வெயிலில் விரிந்து கிடந்தது. இடது பக்கத்தில் இரண்டு பெட்டிகளும் யாருக்கோ பாடிக்கொண்டு வந்தன.

"கேக்குதா?" என்றாள் மாரித்தாய். கத்தவில்லை. வீட்டில் அடுப்போரம் பேசுகிற குரல்.

"கேக்குது."

அவள் நம்பவில்லை. இன்னும் தணித்து, "என்ன கேக்குது?" என்றாள்.

"'என்ன கேக்குது'ன்னு கேக்குது."

அவள் சிரித்தது அவர் வலது தோளில் அதிர்ந்தது. சில வளைவுகள் கடந்தன. பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு, எறங்குனேன்லா... அன்னைக்குக் காலைல போகும்போது உங்கள்ட்ட ஒண்ணு சொன்னேன். நெஞ்சுல கட்டி மாதிரி ஒண்ணு ரெண்டு மாசமா இருக்கு, பெரியாஸ்பத்திரில காட்டப் போறேன், பயமா இருக்குன்னு சொன்னேன். நீங்க ஆஸ்பத்திரிப் பக்கத்துல எறக்கி விட்டுட்டு, வண்டிக்குச் செயின் வாங்கப் போயிட்டிய."

வண்டி தானாகவே வேகம் குறைந்தது. "இப்ப?" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஒண்ணுமில்ல, பயப்படாண்டாம். வெறும் கொழுப்புக் கட்டின்னு அன்னைக்கே சொல்லிட்டாவ. அதையும் திரும்பி வரும்போது சொன்னேன். சந்தோசத்துல அழுதுக்கிட்டே சொன்னேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"ஏதோ பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுனிய."

ரோடு கலங்கித் தெரிந்தது. எதிரே மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. வாக்குக் கொடுத்தபடி நன்றாக ஒதுங்கி, அது போகிறவரை நின்று, மறுபடி கிளப்பினார்.

"வேற என்னவெல்லாம் சொன்ன?"

"எதன்னு சொல்ல? நாலு வருசப் பேச்சுல்லா!"

"மொதல்ல இருந்து சொல்லு."

மாரித்தாய் கொஞ்சம் யோசித்தாள். கூடையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி இன்னும் கிட்டே சாய்ந்து, வண்டி வாங்கிய புதிதில் முதல் ஞாயிறு என்ன சொன்னாள் என்பதிலிருந்து தொடங்கினாள்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் முழங்காலுக்குப் பக்கத்தில் 'டக்'கென்று அதிர்ந்தது. ஒரு பக்கம் முடிந்து, கேசட் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பழக்க தோஷத்தில் சங்கையாவின் இடது கை கைப்பிடியை விட்டு எழுந்து அதன் வரைக்கும் போனது. போன கை அதைத் தொடாமல் திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.